ஹார்டு ஸ்பிரிங்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் முப்பத்தெட்டு மணி நேரம் இருந்தது. நாளை நள்ளிரவு தாண்டியதும் கிளிஞ்சல்மேட்டு விசைப்படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்விடும். ஷர்மிளாவின் அண்ணன் முத்துக்குமரனும் போய்விடுவான். அந்த இரவு விடியும்போது ஷர்மிளா நெடுங்காட்டில் வேலையில் நிற்க வேண்டும். அதற்கு வண்டி வேண்டும். வண்டி கொல்லையில் நின்றது. கிளட்ச்தான் அழுந்தவில்லை.

அவள் இடது கையின் நான்கு விரல்களையும் லீவரில் போட்டு இழுத்தாள். லீவர் பாதி வந்தது. மணிக்கட்டுக்குள் ஊசி ஏறியது. விட்டுவிட்டாள்.

முறிந்த கையின் கட்டைப் பிரித்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னபடி தினமும் ரப்பர் பந்தை அமுக்கினாள். குடத்தைத் தூக்க முடிந்தது. ஈரத்துணி பிழிய முடிந்தது. லீவரை மட்டும் இழுக்க முடியவில்லை.

"புது ஸ்பிரிங் போட்டிருக்கேன் ஷர்மி. பழசு தளந்து போச்சு. புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். ஒன் கையிலதான் தெம்பு இல்ல" என்று முத்துக்குமரன் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் நம்பினாள். நம்பித் தன் கையைத் திட்டினாள்.

நெடுங்காட்டில் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையம். ஷர்மிளா வேதியியல் படித்தவள். அங்கே பாலைச் சோதித்துத் தரம் எழுதுவது அவள் வேலை. ஐந்தரை மணிக்கே கேன்கள் வந்துவிடும். சோதிக்க ஆள் இல்லையென்றால் பால் வரிசையில் நின்றே திரிந்துவிடும். அந்தப் பக்கம் முதல் பேருந்து ஏழு மணிக்கு. "பதினஞ்சாந் தேதி வந்துடும்மா, இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்கணும்" என்று மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை. கை முறிந்தவளுக்காக ஏழு வாரத்துக்கு மேல் இடத்தைக் காலியாக வைத்திருந்தவர்.

கை எப்படி முறிந்தது என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஊருக்குச் சொன்னது ஒன்றுதான். ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரை, மீன் தண்ணீர், சறுக்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா நீலாயதாட்சி அதைச் சொல்லிவிட்டாள். டாக்டர் ஷர்மிளாவைப் பார்த்தார். ஷர்மிளா தலையை ஆட்டினாள்.

இப்போது வண்டியின் முன்னால் நின்றவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. இவ்வளவு படித்தும் இது ஏன் முதல் நாளே தோன்றவில்லை என்று எரிச்சலும் வந்தது. வண்டியின் மறுபக்கம் சுற்றி வந்து, இடது லீவரை வலது கையால் பிடித்து இழுத்தாள். முறியாத கை. தினமும் பால் கேனை நகர்த்திய கை. லீவர் முனகிக்கொண்டு வந்தது. முழுதாக இழுத்து முடிப்பதற்குள் முழங்கை நடுங்கிவிட்டது.

கோளாறு கையில் இல்லை.

அப்பா ஐயனார் வைத்திருந்த ஸ்பானர்கள் சாக்குப்பையில் கிடந்தன. அப்பா இறந்து இரண்டு வருடம். அன்று முதல் இந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை அவள்தான் ஓட்டினாள். முத்துக்குமரனிடம் புது வண்டி இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பின்பு இந்த மாடலுக்குப் பையன்களிடையே மவுசு ஏறியது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அண்ணனுக்கும் இது அப்பா வண்டி என்பது ஞாபகம் வந்தது.

எண்ணெயை வடித்தாள். கிக்கரைக் கழற்றினாள். ஸ்பானரை வலது கையால் திருப்பி, வண்டியை முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். சமீபத்தில் திறந்த கிளட்ச் மூடி என்பதால் திருகுகள் சிரமம் தராமல் வந்தன. உள்ளே நான்கு போல்ட். நான்கு ஸ்பிரிங். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கம்பி தடிமனாக இருந்தது. அதைத் துணியில் சுற்றி, கை கழுவி, ஷேர் ஆட்டோ ஏறிக் காரைக்கால் போனாள்.

ரிஃபாய் கடையில் அந்த நேரம் கூட்டமில்லை. ரிஃபாய்க்கு நாற்பது வயதிருக்கும். நட்டு போல்ட்டு எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், கிளட்ச் ஸ்பிரிங் வேணும்." அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னம்மா?"

துணியைப் பிரித்துக் காட்டினாள்.

"அல்லாவே. இருபது வருசக் கடையில லேடீஸ் வந்து கிளட்ச் ஸ்பிரிங் கேக்குறது இதான் மொத தடவ. ஸ்கூட்டி கண்ணாடி கேப்பாங்க, சீட் கவர் கேப்பாங்க." சிரித்தபடியே வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்தார். "இது நம்ம கடைச் சரக்காச்சே. நீ கிளிஞ்சல்மேட்டு முத்துக்குமரன் தங்கச்சியா?"

"ஆமா பாய்."

"அவருதான் வாங்கிட்டுப் போனாரு. ரேஸ் வுடுற பசங்க போடுற ஹார்டு ஸ்பிரிங் இது. நான் அப்பவே சொன்னேன், தங்கச்சி ஓட்டுற வண்டியாச்சே, கை ஒடிஞ்ச புள்ளை, தாங்காதேன்னு."

"அதுக்கு அண்ணன் என்ன சொல்லுச்சு?"

"தாங்காதுன்னுதான் பாய் வாங்குறேன்னாரு. சிரிச்சாரு. நானும் ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சேன்."

ஷர்மிளா கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காது மடல் சுட்டது. பத்து நாள். காலையும் மாலையும் அந்த ரப்பர் பந்து. வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு அமுக்கிய பந்து. அவன் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "அமுக்கு, அமுக்கு, தெம்பு வரும்" என்பான்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?"

"வேணாம். கம்பெனி ஸ்பிரிங் இருக்கா பாய்? வண்டியோட வந்தது மாதிரி."

ரிஃபாய் இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது கம்பெனி. பழைய ஸ்டாக், ஒரே செட்டுதான் இருக்கு. இது லோக்கல். நான் சொல்றதைக் கேளு, ஒனக்கு லோக்கலுதான் சரி. பூ மாதிரி அழுந்தும். கையும் நோகாது."

இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து நிற்க வைத்துப் பார்த்தாள். உயரம் ஒன்றுபோலத்தான் இருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் பார்வை தராசுக்குப் போனது.

"பாய், அந்தத் தராசைக் கொஞ்சம் குடுக்குறீங்களா?"

"ஸ்பிரிங்கு எடைக்கு விக்கிறதில்லம்மா."

"எடைக்கு இல்ல."

ஒரு நீள நட்டைத் தராசுத் தட்டில் நிறுத்தினாள். அதன் பக்கத்தில் ஸ்பிரிங்கை வைத்து, மேலே ஒரு மரத்துண்டைப் போட்டு, மரம் நட்டின் உயரத்துக்கு இறங்கும்வரை வலது கையால் அழுத்தினாள். எண் ஓடி நின்றது. கம்பெனி ஸ்பிரிங் ஒன்பது கிலோ காட்டியது. லோக்கல் ஆறு. அண்ணன் போட்டது பதினைந்தைத் தொட்டது. அதை அழுத்தும்போது மரத்துண்டு விருட்டென்று நழுவி ரிஃபாயின் டீ கிளாஸ் பக்கம் போய் விழுந்தது.

"இது என்ன, காலேஜ் லேபா?" என்றார் ரிஃபாய். ஆனால் எண்ணை எட்டிப் பார்த்தார். "பாத்தியா, ஆறு. நான் சொன்னேன்ல பூவுன்னு."

"கிளட்ச் வழுக்கும் பாய்."

"ஒரு மாசத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"ஒரு மாசம் கழிச்சு?"

"பிளேட்டு தீயும். அப்ப பிளேட்டு மாத்திக்கலாம். நான் எங்க போயிடப் போறேன்?"

ஷர்மிளா ஆறு கிலோ ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதை எடுத்தால் கைக்கு நாளைக்கே சுகம். ஆனால் ஒரு விடியற்காலை, பாலத்து ஏற்றத்தில், எஞ்சின் உறுமும், வண்டி நகராது. யாராவது தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடுவார்கள். முத்துக்குமரன் வாசலில் நின்றுகொண்டு, "நான்தான் சொன்னேன்ல" என்பான். அந்த ஒரு வாக்கியத்தை அவன் வாயிலிருந்து கேட்பதைவிடக் கை வலித்தே போகட்டும்.

"கம்பெனி செட்டே குடுங்க. மூடிக்கு ஒரு பேக்கிங்கும்."

"புடிவாதம்" என்றார் ரிஃபாய் பொட்டலம் கட்டிக்கொண்டே. "அண்ணனுக்கும் இதே புடிவாதம்தான்."

அவள் பணத்தை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவனோடு தன்னைச் சேர்த்துச் சொன்னது ஆட்டோவில் வரும் வழியெல்லாம் நெஞ்சில் அரித்தது.

வீட்டுக்கு வந்து நான்கையும் மாட்டினாள். போல்ட்டை ஒரேயடியாக முறுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்கினாள். பேக்கிங் வைத்து மூடினாள். எண்ணெய் ஊற்றினாள். லீவரைப் பிடித்து இழுத்தாள். வலித்தது. ஆனால் கடைசிவரை வந்தது. விட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் வந்தது. சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் இன்னும் கொஞ்சம் தெளிவாக வந்தது.

பொழுது சாய முத்துக்குமரன் துறைமுகத்திலிருந்து வந்தான். சட்டையெல்லாம் படகுப் பெயிண்டு. கொல்லையில் எண்ணெய்க் கறையைப் பார்த்தான். கீழே வரிசையாக வைத்திருந்த நான்கு தடித்த ஸ்பிரிங்குகளையும் பார்த்தான்.

"யாரைக் கேட்டுத் தொறந்தே?"

"யாரைக் கேட்டு இதைப் போட்டே?"

அவன் காலால் ஒரு ஸ்பிரிங்கை உருட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "ரிஃபாய் பாய்க்கு வாய் நீளம்."

"என் கை தாங்கக் கூடாதுன்னா போட்டே?"

"இந்தா பாரு ஷர்மி. சிலம்பரசனுக்கு இந்த வண்டி மேல உசுரு. வண்டியக் குடுத்தா அவங்கப்பா போட்டுல என்னை டிரைவரா ஏத்திக்கிறேன்னிருக்கான். எத்தனை வருசம்டி வலை இழுத்துக்கிட்டே கெடக்கறது? நீயா ஓட்ட முடியலன்னு விட்டுட்டா யாருக்கும் மனத்தாங்கல் இல்லாம முடிஞ்சிருக்கும்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். "நாளைக்குச் சிலம்பரசன் பஞ்சாயத்துல வெக்கிறான். வாக்குக் குடுத்த வண்டி வரலன்னு. அங்க வந்து பேசு பாப்போம். ஒனக்குத்தான் நாலு பேரு முன்னாடி நாக்கே எழும்பாதே."

அது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்வதற்குக்கூட அவளுக்கு வியர்க்கும். அவன் போன பிறகும் அந்தச் சொல் கொல்லையிலேயே நின்றது.

மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நீலாயதாட்சி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள்.

"வண்டிய வேணா வச்சுக்க. நான் ஒன் பக்கம் பேசுறேன். ஆனா அந்தப் பேச்சு மட்டும் வாயில வரக் கூடாது."

"எந்தப் பேச்சு?"

"தெரியாத மாதிரி கேக்காத. போன வருசம் மச்சானைத் துடுப்பால அடிச்சவனைப் பஞ்சாயத்துல என்ன பண்ணாங்க? ஒரு சீசன் பூரா தொழிலுக்குப் போகக் கூடாதுன்னு நிறுத்தி வச்சாங்க. ஒரு போட்டுக்காரன் அவனை ஏத்தினானா? ஐஸ் தூக்கக்கூடக் கூப்புடல. அறுபது நாளு கரையில கெடந்தாச்சு, இன்னும் ஒரு சீசன் இவனும் கெடந்தா அடுப்பு எரியுமா?"

"ஏம்மா, நான் பால் நிலையத்துக்குப் போனா எரியாதா?"

"ஆம்பளை தொழிலும் அதுவும் ஒண்ணாடி?"

ஷர்மிளா அம்மாவின் கையைப் பார்த்தாள். மீன் செதில் ஒட்டிய கை. வாரம் முழுவதும் கூடை சுமக்கும் கை. அந்தக் கை சம்பாதிப்பதும் இந்தக் கணக்கில் வரவில்லை. அதைச் சொன்னாலும் அம்மாவுக்குப் புரியாது. புரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்ல வேண்டாம் என்றுதான் அப்போது நினைத்தாள். வண்டி கிடைத்தால் போதும்.

மறுநாள் நான்கு மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. கடலுக்குப் போவதற்கு முன் ஊரில் எந்த வழக்கும் பாக்கி இருக்கக் கூடாது என்பது அங்கே முறை. அதனால் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆண்கள் கொட்டகைக்குள் உட்கார்ந்தார்கள். பெண்கள் வேப்பமரத்து ஓரம் நின்றார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் வைத்தியலிங்கம் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். வண்டியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஷர்மிளா அதைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. ஓட்டிக்கொண்டு வந்தாள். கோயில் திருப்பத்தில் கியரைக் குறைத்துத் திரும்பியபோது இளைஞர்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில் வந்தது.

சிலம்பரசன் எழுந்து விஷயத்தைச் சொன்னான். படகுக்காரர் மகன், பேச்சு நிதானமாக வந்தது. முத்துக்குமரன் வாக்குக் கொடுத்ததாக ஒத்துக்கொண்டான்.

"வண்டி உங்கப்பன் ஐயனாரோடது. ரெண்டு புள்ளைக்கும் பாத்தியதை உண்டு" என்றார் வைத்தியலிங்கம். "தங்கச்சியக் கேக்காம எப்படி வாக்குக் குடுத்தே?"

"அதால ஓட்ட முடியலைங்க. கை சரியில்ல. கிளட்ச்சே புடிக்க முடியல. சும்மா கெடந்து துருப்புடிக்குதேன்னுதான்."

"இப்ப ஓட்டிக்கிட்டுத்தானே வந்துச்சு?"

கூட்டத்தில் சிரிப்பு. முத்துக்குமரன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "நேத்து ஸ்பிரிங்கை மாத்திப்புட்டா."

"எதுக்கும்மா மாத்தினே?"

எல்லா முகங்களும் வேப்பமரத்துப் பக்கம் திரும்பின. ஷர்மிளாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பட்டாவில் முடிந்து வைத்திருந்த தடித்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு பையன் வாங்கிக்கொண்டுபோய் நாட்டாரிடம் கொடுத்தான்.

"இது... எங்கண்ணன் போட்டது. ரேஸ் வண்டிக்குப் போடறது. என் கையால புடிக்க முடியக் கூடாதுன்னு போட்டது."

வைத்தியலிங்கம் அதை விரல்களுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தார். அழுந்தவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் பார்த்துவிட்டு, "நம்ம கைக்கே அழுந்த மாட்டேங்குது" என்றார். மறுபடியும் சிரிப்பு.

"அண்ணன் தங்கச்சி சீண்டல் எல்லா வூட்லயும் உள்ளதுதான்" என்றார் வைத்தியலிங்கம். "சரி, ஏம்ப்பா முத்துக்குமரா, இதுக்கென்ன சொல்றே?"

முத்துக்குமரன் எழுந்து நின்றான். அவன் குரல் திடீரென்று தணிந்து, கனிந்து வந்தது. அப்படி ஒரு குரல் அவனிடம் இருப்பதே ஷர்மிளாவுக்குத் தெரியாது.

"போட்டது நெசந்தாங்க. நேரா சொன்னா கேக்க மாட்டா, புடிவாதக்காரி. அதான் இப்படியாவது வண்டிய விடட்டுமேன்னு. எங்கப்பா இல்லாத வூடு. நான் இன்னைக்கு ராத்திரி கடலுக்குப் போனா வர அஞ்சு நாளாவும். இவ விடியக்கால இருட்டுல தனியாப் போறா. ஏலக்கூடத்துல நடந்து போறப்பவே சறுக்கி விழுந்து கையை ஒடச்சுக்கிட்டவ. கால்ல நிதானம் இல்லாத புள்ளை. வண்டியில போய் விழ மாட்டாங்கறதுக்கு என்ன உத்தரவாதம்? விழுந்து கெடந்தா யாரு பாப்பா? அண்ணங்காரன் நெஞ்சு அடிச்சுக்குதுங்க."

கொட்டகைக்குள் இரண்டு மூன்று பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"அதுவும் நியாயந்தான்" என்றார் வைத்தியலிங்கம். "நானே அன்னைக்கு ஏலக்கூடத்தைக் கழுவி வுடச் சொல்லிச் சத்தம் போட்டேன், ஒரு புள்ளை விழுந்துடுச்சேன்னு. யம்மா, அண்ணன் அக்கறையாத்தான் சொல்றான். வண்டி சிலம்பரசனுக்குப் போகட்டும். இந்த சீசன் முடிய ஒனக்குக் கிளட்ச் இல்லாத வண்டியா ஒண்ணு அண்ணனே எடுத்துக் குடுப்பான். குடுப்பியாடா?"

"குடுக்காம?" என்றான் முத்துக்குமரன்.

சீசன் முடிய என்றால் அடுத்த தடைக்காலம். நாளை ஐந்தரை மணிக்குக் கேன்கள் வந்துவிடும்.

ஷர்மிளா அண்ணனையே பார்த்தாள். அவன் பார்வை ஒரு கணம் அவள் பக்கம் வந்தது. அதில் பயம் இல்லை. சொல்ல மாட்டாள் என்ற உறுதிதான் இருந்தது. அவனைக் காப்பாற்ற இவள் தலையாட்டிய பொய்யை எடுத்து, அதையே இவள் கழுத்தில் கட்டிவிட்டு, ஊர் மெச்ச நிற்கிறான். இனி இந்த ஊரில் அவள் எந்த வண்டியைத் தொட்டாலும், எந்த வேலைக்குக் கிளம்பினாலும், சறுக்கி விழுகிற புள்ளை.

அவள் வேப்பமரத்து ஓரத்திலிருந்து நகர்ந்தாள். நீலாயதாட்சி அவள் துப்பட்டாவைப் பிடித்தாள். "யாத்தா, வேணாம். சொல்லிட்டேன்." துப்பட்டா இழுபட்டது. ஷர்மிளா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, பெண்கள் வராத கொட்டகைக்குள் ஏறினாள். யாரோ, "ஏய், எங்க வர்றே?" என்றார்கள். வைத்தியலிங்கம் கையை உயர்த்தினார்.

"என்னம்மா?"

வியர்த்தது. குரல் வருமா என்று பார்த்தாள். வந்தது. கடைசி வரிசைவரை கேட்கும்படி வந்தது.

"நான் ஏலக்கூடத்துல விழலைங்க. அன்னைக்கு நான் அங்க போகவே இல்ல. வண்டிச் சாவியக் குடுக்க மாட்டேன்னு கையில இறுக்கி மூடி வச்சிருந்தேன். எங்கண்ணன்தான் கையை முறுக்கி ஒடச்சுச்சு."